ஒரு சாண் இடைவெளி

"நாற்பது வருஷமாகத் தொழுகிறேன். அதில் ஒரு தொழுகையாவது கூடியிருக்குமா, அல்லாஹ்விடம் செல்லுபடியாகியிருக்குமா?"

தஸ்தகீர் இதை வாயால் கேட்கவில்லை, கையால் கேட்டார். பிறந்ததிலிருந்தே அவருக்குக் காது கேட்காது. பேச்சும் வராது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் இல்யாஸ் ஹஜ்ரத். கேட்டவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பதில் சொல்ல வேண்டியவருக்கு இருபத்தேழு. அவருக்குக் காது கேட்கும்; ஆனால் காது கேளாத தாய் வளர்த்த பிள்ளை. பள்ளிவாசல் மாடியில் வாரம் ஒருநாள், காது கேளாதவர்களுக்குக் கையாலேயே மார்க்கம் சொல்லிக்கொடுத்தார். மார்க்கம் படித்த ஆலிம்களில் ஊரில் அந்தக் கைப்பேச்சு தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"ஏன் கூடாது?" என்றார் ஹஜ்ரத்.

"போன வாரம் நீங்கள்தானே சொன்னீர்கள்? தொழுகையில் கண், நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்யும் இடத்தில் இருக்கணும், அங்கே இங்கே ஓடக்கூடாது என்று? என் கண் எந்நேரமும் பக்கத்து ஆளின் முட்டிமேல்தான். அவன் குனிந்தால் குனிவேன். எழுந்தால் எழுவேன். அவன் முதுகைச் சொறிந்தால் நானும் சொறிவேன்."

ஹஜ்ரத் சிரித்துவிட்டார்.

தஸ்தகீர் சிரிக்கவில்லை.

"தெரியாமலே செத்திருப்பேன். நிம்மதியாகச் செத்திருப்பேன். எதற்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்? கூடாது என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள். நாளையிலிருந்து பள்ளிக்கு வரமாட்டேன். வீட்டில் தனியாகத் தொழுதுகொள்கிறேன்."

"பார்க்காமல் தொழுததே இல்லையா?"

"ஒரே ஒரு தடவை."

தஸ்தகீர் சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"லுஹர், மதியத் தொழுகை. ஆள் குறைவு, அதனால் முதல் வரிசை. கடைசி சஜ்தாவில் ஆசை வந்துவிட்டது. இன்றைக்காவது எட்டிப் பார்க்காமல் இருப்போம், பக்கத்து ஆள் எழுந்தால் அவர் முழங்கை என்மேல் படும், அது சொல்லும் என்று நினைத்தேன்."

"பட்டதா?"

"நெற்றி தரையில். காத்திருந்தேன். தொழவைக்கும் இமாம் இன்றைக்கு நீட்டுகிறார் என்று நினைத்து என் பெண்சாதிக்கு துஆ கேட்டேன். மவுத்தாகி மண்ணுக்குள் போன என் தகப்பனாருக்குக் கேட்டேன். வேண்டியவர்கள் எல்லாரும் தீர்ந்து, வேண்டாதவர்களுக்கும் கேட்டேன். தலையைத் தூக்கினால் ஃபேன் நின்றிருக்கிறது. ஒருத்தரும் இல்லை. வாசலில் என் செருப்பு மட்டும்."

"யாரும் தொட்டு எழுப்பவில்லையா?"

"பாங்கு சொல்கிற மோதினார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு! சஜ்தாவில் கரைந்துபோய்விட்டேனாம். ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஒரு வாரம் கண்டவனெல்லாம் எனக்கு ஸலாம் சொன்னான். அட, எழுந்திருக்கத் தெரியாமல் கிடந்தேனப்பா என்று நான் யாரிடம் சொல்ல?"

"பக்கத்தில் நின்றது யார்?"

தஸ்தகீர் தன் வயிற்றுக்கு முன்னால் இன்னொரு வயிற்றை வரைந்து காட்டினார். ரவூப் ஹாஜியார்.

"தள்ளி நின்றாரா?"

"நான் அறுத்த ஆட்டின் பச்சைத் தோலுக்கு உப்பு போடுகிறவன், ஹஜ்ரத். எத்தனை சோப்பு போட்டாலும் இந்த வாடை போகாது. எல்லாரும் தள்ளித்தான் நிற்பார்கள்."

பெருவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினார். ஒரு சாண்.

ஹஜ்ரத் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு லுஹருக்கு முதல் வரிசைக்கு வாருங்கள்."

"மாட்டேன். மூன்றாவது வரிசை?"

"முதல் வரிசை."

"சரி, இரண்டாவது. உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

"முதல் வரிசை, பாய்."

"ஒரே ஒரு நாள். அதற்கு மேல் கேட்கக்கூடாது."

"ஒரே ஒரு நாள்."

மறுநாள் ஹஜ்ரத் முதல் வரிசையின் இடது கோடியில், சுவரை ஒட்டி நின்றார். தஸ்தகீரைத் தனக்கு வலப்பக்கம் நிறுத்தினார். காலோடு கால், தோளோடு தோள். தஸ்தகீருக்கு வலப்பக்கம் ரவூப் ஹாஜியார் வந்து நின்றார். நடுவில் ஒரு சாண்.

ஹஜ்ரத் ஜிப்பாப் பையிலிருந்து பஞ்சை எடுத்தார். இரண்டு காதிலும் அடைத்தார்.

"எனக்கு இப்போது கேட்காது. கண்ணையும் மூடிக்கொள்வேன். நீங்கள் அசைந்தால் அசைவேன்."

தஸ்தகீர் அவசரமாகக் கையை ஆட்டினார்.

"எனக்கே தெரியாதே! உங்கள் தொழுகை என்ன ஆவது?"

"திரும்பத் தொழுதுகொள்வேன். அது என் பாடு."

கைகட்டிக் கண்ணை மூடிவிட்டார். இனி அவரிடம் பேச வழியில்லை.

தஸ்தகீர் ஹாஜியாரின் முட்டியைப் பார்த்தார். குனிந்தார். இடப்பக்கம் ஹஜ்ரத்தும் குனிந்தார். நிமிர்ந்தார். ஹஜ்ரத்தும் நிமிர்ந்தார்.

ஒவ்வொரு சஜ்தாவிலும் அக்குள் வழியாக எட்டிப் பார்த்தார். ஹாஜியார் எழுந்தாரா? எழுந்தார். இவரும் எழுந்தார். இடப்பக்கம் ஒட்டியிருந்த முழங்கையும் கூடவே எழுந்தது.

நாற்பது வருஷத்தில் அவர் மேல் இப்படி யாரும் ஒட்டி நின்றதில்லை.

கடைசி சஜ்தா.

நெற்றி தரையில் பட்டது. எட்டிப் பார்க்க வேண்டிய நேரம்.

தஸ்தகீர் பார்க்கவில்லை.

கண்ணைத் தரையிலேயே வைத்துக்கொண்டார். பெண்சாதிக்குக் கேட்டார். தகப்பனாருக்குக் கேட்டார். ஹாஜியாருக்குக்கூட ஏதோ கேட்டார். பிறகு கேட்க ஒன்றும் இல்லை. சும்மா கிடந்தார்.

வலப்பக்கத்திலிருந்து எந்த முழங்கையும் வந்து படவில்லை.

தலையைத் தூக்கினார்.

ஃபேன் நின்றிருந்தது. முதல் வரிசையில் வலப்பக்கம் முழுக்கக் காலி. பின்வரிசைகளும் காலி. வாசலில் மோதினார் நெஞ்சில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

தஸ்தகீர் இடப்பக்கம் திரும்பினார்.

ஹஜ்ரத் சஜ்தாவிலேயே இருந்தார். காதில் பஞ்சு. கண் மூடியிருந்தது. முழங்கை, யாராவது தொடுவார்களா என்று கேட்பதுபோல், லேசாக வெளியே நீண்டிருந்தது.

தஸ்தகீர் தன் கையைப் பார்த்தார். உப்பு அரித்த கை. ஒருமுறை மோந்து பார்த்தார். சட்டையில் துடைத்தார்.

பிறகு தொட்டார்.