போயிட்டு வாங்க

முன்பு ஒரு பொட்டல் காடு இருந்தது. அதைச் சீமைக்கருவேலம் ஒன்று ஆண்டுவந்தது. பாதாளம்வரை வேரை விட்டு, இருந்த தண்ணீரையெல்லாம் அது ஒன்றே குடித்தது. வேம்பும் வாகையும் நாக்கு வறண்டு நின்றன. இலந்தைச் செடிகள் முள் இருந்தும் மூச்சுக் காட்டாமல் தரையோடு தரையாகக் கிடந்தன.

அந்தக் கருவேலத்தை வெட்டப் பக்கத்துச் சீமையிலிருந்து கோடாலிப் படை புறப்பட்டது. ஒரு காலத்தில் விறகு ஆகும் என்று அதன் விதையை அங்கே தூவியவர்களும் அந்தச் சீமைக்காரர்கள்தான். அதை யாரும் இப்போது பேசவில்லை.

படையில் ஒரு கைக்கோடாலி இருந்தது. ஓர் அடுப்பங்கரையில் விறகு பிளந்து பிழைத்த கோடாலி. சண்டை அதற்குப் புதிது. கிளம்பும்போது அவசரத்தில், "போறேன்" என்றது.

அடுப்பு பதறிப்போனது. "போறேன்னு சொல்லாதடா! போயிட்டு வர்றேன்னு சொல்லு. மழைக்கு முன்னால வந்துடு. ஈர விறகோட என்னால மல்லுக்கட்ட முடியாது."

"சரி, போயிட்டு வர்றேன்" என்று திருத்திச் சொல்லிவிட்டுத்தான் கைக்கோடாலி வாசலைத் தாண்டியது.

கருவேலம் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாகச் சாய்ந்தது. வாகை பூவை வாரி இறைத்தது. வேம்பு நிழலை விரித்து உட்காரச் சொன்னது. மரங்களெல்லாம் ஒன்றுகூடி, "பெரிய உபகாரம் பண்ணுனீக. நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்றன.

படைக்குத் தலைவனான பெருங்கோடாலிக்கு 'வாங்க' மட்டும்தான் காதில் விழுந்தது. 'போயிட்டு' எங்கே போனதோ தெரியவில்லை. "பாத்தீங்களா, வாங்க வாங்கன்னு கூப்பிடுறாங்க. இருப்போம்" என்று கூடாரம் போட்டுவிட்டது.

கைக்கோடாலிக்குச் சங்கடமாக இருந்தது. ஊரில் விருந்தாளியை வழியனுப்புகிற பேச்சு அதற்குத் தெரியும். ஆனால் பெருங்கோடாலியிடம் போய் யார் சொல்வது?

சில நாளில் இருட்டுக்குள்ளிருந்து முள் பாயத் தொடங்கியது. ஒரு கோடாலிக்குப் பிடி பிளந்தது. இன்னொன்று காணாமலே போனது.

"கருவேலத்தோட வாரிசு ரெண்டு பேர் உயிரோட இருக்கானுங்க" என்றது பெருங்கோடாலி. "அப்பன் ஆட்சி திரும்ப வரும்னு அவனுங்கள நம்பித்தான் இந்த முள்ளுங்க துள்ளுது. அந்த ரெண்டையும் முடிச்சா சண்டை முடிஞ்சது. அப்புறம் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

வீடு என்ற சொல்லைக் கேட்டதும் கைக்கோடாலி அண்ணாந்து பார்த்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

ஆட்டுக்குத் தழை பறிக்கிற தொரட்டி ஒன்று வந்து துப்புக் கொடுத்தது. இடிந்த மடைக்குள் இரண்டு கருவேலங்கன்றுகளும் ஒளிந்திருந்தன. படையே போய் மடையைச் சூழ்ந்தது. கடைசி வெட்டு கைக்கோடாலிக்கு வாய்த்தது. வேரோடு பிடுங்கி வெளியே போட்டபோது, 'அடுப்பே, வந்துட்டேன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டது.

செத்ததை ஊருக்குக் காட்ட வேண்டுமே! பெருங்கோடாலி இரண்டு உடலையும் பொது இடத்தில் கிடத்தச் சொன்னது. கோடாலிகளுக்கு ஒரு பழக்கம். மரம் கைக்கு வந்தால் முள்ளைச் சீவி, பட்டையை உரித்து, வழவழப்பாக்காமல் விடாது. அப்படியே செய்து வைத்தன.

மரங்கள் வந்து பார்த்தன. பார்த்துக்கொண்டே நின்றன.

"இவுக யாரு?" என்றது வாகை.

"யாரா? உங்களை ஆட்டிவச்சவனோட பிள்ளைங்க!" என்றது பெருங்கோடாலி.

"முள்ளு எங்க? அவுக முள்ளைத்தான் நாங்க கண்டிருக்கோம். மூஞ்சிய நிமிந்து பாக்க எங்களுக்கு ஏது தைரியம்? இது எந்த வீட்டுப் பிள்ளையோ, பாவம்."

பெருங்கோடாலிக்குக் கோபம் தலைக்கேறியது. பார்க்க மரியாதையாக இருக்கட்டும் என்றுதான் சீவினோம் என்று கத்தியது. யாரும் நம்பவில்லை.

கடைசியில் வேம்புதான் மெதுவாகப் பேசியது. "மூஞ்சிய விடுங்கப்பா. என் வேருல ஈரம் தட்டுது. நமக்குக் கீழ உறிஞ்சுறதுக்கு இப்ப ஆளு இல்ல. செத்துட்டாக."

எல்லா மரமும் வேரை அசைத்துப் பார்த்தது. ஈரம்தான். அன்று பொட்டல் முழுக்க ஒரே கூத்து. படையில் கூட வந்த கைக்கோடாலியின் சிநேகிதன் கருக்கரிவாள், "மூட்டையக் கட்டுடா, விடிஞ்சதும் கிளம்புறோம்" என்று அதன் முதுகில் தட்டியது. கைக்கோடாலி அன்றுதான் நிம்மதியாகத் தூங்கியது.

விடிந்தது. ஊருக்குப் போகிற வண்டித்தடத்தில் இரண்டும் நடந்தன. கருக்கரிவாள் முன்னால் போனது. தரையோடு கிடந்த இலந்தைகள் திடீரென்று எழுந்து அதை வளைத்துப் பிடித்தன. கைக்கோடாலி ஓடிப் போவதற்குள் பக்கத்துப் பாழ்ங்கிணற்றுக்குள் இழுத்துத் தள்ளிவிட்டன. உள்ளே 'ணங்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

கைக்கோடாலி அழுதேவிட்டது. "அடப்பாவிகளா! நாங்க ஊருக்குத்தானே போறோம்? நீங்க கருவேலத்தோட ஆளுங்களா?"

ஓர் இலந்தை எதிரே வந்து நின்றது. "கருவேலத்து ஆளா? என் ஆத்தாளக் காயப்போட்டுக் கொன்னதே அவன்தான்."

"அப்புறம் ஏன்? அவன் பிள்ளைகளைத்தான் முடிச்சாச்சே!"

"அதனாலதான்" என்றது இலந்தை. "அவுக உயிரோட இருந்தவரைக்கும் உங்க மேல கை வைக்க எங்களுக்குப் பயம். உங்கள விரட்டுனா அந்த ரெண்டு பேரும் வந்து உக்காந்துருவாகளேன்னு முள்ள மடக்கிக்கிட்டுக் கெடந்தோம். இதுவரைக்கும் குத்துனது அவுக ஆளுக. இனிமேக் குத்தப்போறது நாங்க. அந்தப் பயத்த நீங்களே வெட்டிக் குடுத்துட்டீக."

கைக்கோடாலி கிணற்றுப் பக்கம் திரும்பியது.

"உன் சிநேகிதன் ஊருக்குத்தான் போனான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? வந்ததுலேர்ந்து ஒருத்தரும் போகலையே. அன்னைக்குப் பெரிய மரமெல்லாம் போயிட்டு வாங்கன்னு சொன்னது தப்பாப் போச்சு. இப்பத் திருத்திச் சொல்றோம். போங்க."

சாவு வீட்டில்கூட அந்தச் சொல்லை அப்படி மொட்டையாக யாரும் சொல்லிக் கைக்கோடாலி கேட்டதில்லை.

சேதி கூடாரத்துக்குப் போனது. பெருங்கோடாலி வந்து கிணற்றை எட்டிப் பார்த்தது. பிறகு பொட்டலைப் பார்த்தது. கண்ணுக்கு எட்டியவரை இலந்தை. செடிக்குச் செடி பழம், பழத்துக்குள் கொட்டை.

"ஊருக்குப் போறது இப்ப இல்ல" என்றது அது. "முதல்ல இந்த இலந்தைக்கு வாரிசு யாருன்னு கண்டுபிடிங்க."

முதல் தூறல் கைக்கோடாலியின் இரும்பு அலகில் விழுந்தது. குடித்துத் தீர்க்கக் கருவேலம் இல்லாத மண் அந்த மழையை அப்படியே வாங்கிக்கொண்டது. அதில் இலந்தைகள் கண்ணெதிரே தழைத்தன.

மேலே ஒரு காக்கை கைக்கோடாலியின் ஊர்ப்பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. "வீட்டுக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டது.

கைக்கோடாலி அலகைத் துடைத்தது. முட்புதரைப் பார்த்து நடந்தது.

"அடுப்புகிட்டச் சொல்லு" என்றது. "போறேன்."