எண்பது கிராம் எச்சில்

புளுகுக்கு எடை கிடையாது என்று யாராவது சொன்னால் இன்னாசி ஒத்துக்கொள்ள மாட்டான். அவன் அதைத் தராசில் ஏற்றிப் பார்த்தவன்.

தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் அன்றைக்கு மாவட்டக் குத்துச்சண்டைத் தேர்வு. காலை ஏழு மணிக்கு இன்னாசி இடுப்பில் துண்டோடு எடை மிஷினில் ஏறி நின்றான். ஐம்பத்தொரு கிலோவுக்குள் இருக்க வேண்டும். மிஷின் அதற்கு மேல் காட்டியது. துண்டை உருவிப் போட்டுவிட்டு ஏறச் சொன்னார்கள். அப்போதும் ஐம்பத்தொன்று புள்ளி பூஜ்யம் எட்டு. மானம் போனதுதான் மிச்சம்.

"எண்பது கிராம் கூட," என்றார் தளவாய் சார். எடை பார்த்து நோட்டில் எழுதுகிற பொறுப்பு அவருக்கு. "எட்டு மணி வரைக்கும் நேரம் தாரேன். எறக்கிட்டு வந்தா சரி. இல்லன்னா அடுத்த பிரிவுல எழுதிருவேன்."

அடுத்த பிரிவு சுவர் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தது. கோவில்பட்டி மாசிலாமணி. ஆறடி உயரம். கையை நீட்டினால் இந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பான். போன வருசம் அவனோடு மோதின பையன் ரெண்டு மாசம் ஸ்ட்ரா போட்டுக் கஞ்சி குடித்தான். இன்னாசிக்கு அஞ்சடி ரெண்டங்குலம். மாசிலாமணியின் தாடையில் குத்த வேண்டுமென்றால் அவன் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும்.

விளையாட்டாக எடுத்துக்கொள்ளவும் வழியில்லை. இன்னாசி துறைமுகத்தில் காண்ட்ராக்டு கூலி. இன்றைக்கு ஜெயித்தால் மாநிலப் போட்டி. அங்கே ஒரு மெடல் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலைக்கு மனுப் போடலாம். இந்த வருசம் விட்டால் மனுப்போட வயசு தாண்டிவிடும். எல்லாம் எண்பது கிராமில் வந்து நின்றது.

அவன் செய்யாதது ஒன்றுமில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து சொட்டுத் தண்ணி இறக்கவில்லை. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ரெண்டு மணி நேரம் கயிறு தாண்டியாகிவிட்டது, இனி வேர்க்க உடம்பில் ஈரம் இல்லை. தலையை மொட்டையடித்தான். மீசையையும் எடுத்தான், அதற்கு அவன் பெண்டாட்டி ரெஜினா ஒரு மூச்சு அழுதாள். பாக்கி இருந்தது எச்சில் ஒன்றுதான். கடைசி நேரத்தில் குத்துச்சண்டைக்காரர்கள் புளிப்பை நக்கி நக்கி டம்ளரில் துப்பி எடையைக் குறைப்பார்கள். இன்னாசி ரெண்டு எலுமிச்சம்பழத்தை நக்கித் தீர்த்திருந்தான். நாக்கு மரத்துப்போனதே தவிர எச்சில் வரவில்லை. காலி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் தரையில் உட்கார்ந்தான்.

அந்த நேரம் பார்த்து லசார் வந்தார்.

லசார் அவனுக்குச் சகலை. ரெஜினாவின் அக்காவைக் கட்டினவர். உப்பு லாரிகளை நிறுக்கிற எடை மேடையில் வேலை. புளுகுவது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி, நிறுத்தினால் செத்துப்போவார். கல்யாணம் ஆன இந்த ஏழு வருசத்தில் அவர் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட இன்னாசி நம்பினதில்லை. "அத்தான மட்டும் கூட்டிட்டுப் போவாதீங்க, இருக்க சத்தையும் பேசியே உறிஞ்சிருவாரு," என்று ரெஜினா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

"என்ன சகல, தொங்கிப்போயி உக்காந்திருக்கீரு?"

"எண்பது கிராம் கூட வே."

"பூ, இவ்வளவுதானா. எடையப் பத்தி எங்கிட்ட கேளும். லாரி மேடையில ஏறினதும் டிரைவர் வாயில வெத்தல இருக்கா, துப்பிட்டானான்னு மீட்டரப் பாக்காமச் சொல்லுதவன் நான்." லசார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "குத்துச்சண்டைக்கு எடைதான் முக்கியம்னு சொல்லுதானுவள்லா, அது சுத்தப் பொய். நான் ஆடின காலத்துல என் எடை முப்பத்தொரு கிலோ."

"நீரு எப்பம் வே ஆடினீரு?" என்றார் தளவாய் சார் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"கல்யாணத்துக்கு முந்தி சார். அம்பத்தொண்ணுக்குப் பிளை வெயிட்டுன்னு பேரு. அதாவது ஈ. எனக்காவ கமிட்டி கூடி, ஈக்குக் கீழ கொசு எடைன்னு ஒரு பிரிவு தொறந்தாவ. அதுல ஒலகத்துலயே நான் ஒருத்தன்தான். எதிராளி இல்ல. கடைசியில நூத்தி நாப்பது கிலோவுல ஒருத்தனக் கொண்டாந்து எறக்கினாவ. பேரு பீப்பாய் பர்னபாசு. அவன் வந்த லாரிய நான்தான் எடை போட்டேன். சரக்கு இல்லன்னு டிரைவர் சொல்லுதான், மீட்டரு ஒத்துக்கிட மாட்டேங்கு."

இன்னாசி கண்ணை மூடிக்கொண்டான். காதுக்கும் ஒரு மூடி இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான்.

"சண்டை மேடைய உப்பளத்துல போட்டிருந்தாவ. பர்னபாசு ஏறினான். மேடை அவன் பக்கம் சாஞ்சிட்டு. நான் மேட்டுல நிக்கேன், அவன் பள்ளத்துல நிக்கான். நடுவரு நிக்க எடமில்லாம கயித்தப் பிடிச்சித் தொங்குதாரு. மணி அடிச்சிது. அவன் ஓங்கிக் குத்துதான். குத்து வார முன்னால அதோட காத்து வருமா இல்லியா? அந்தக் காத்து என்ன ஓரமாத் தள்ளிரும். குத்து போயிரும், நான் திரும்பி வந்துருவேன். மொத ரவுண்டுல இருநூறு குத்து, ஒண்ணு மேல படல. முன்வரிசைக்காரனுக்கெல்லாம் வேர்வை காஞ்சி குளிர் எடுத்திட்டு. எங்க யாவாரம் படுத்துரும்னு ஊர்ல உள்ள ஃபேன் கடைக்காரன் எல்லாரும் சேந்து கமிட்டிக்கு மனுக் குடுத்தாவ."

மாசிலாமணி இட்லியை வாயருகே நிறுத்தினான். "காத்துல போறவரு திரும்பி எப்படி வந்தீரு?"

"அவன் எடது கையாலயும் குத்துவாம்லா தம்பி," என்றார் லசார், பாவம் பார்த்து விளக்குகிற குரலில். "ரவுண்டு முடிஞ்சிது. அவ்வளவு பெரிய உடம்புக்குத் தீனி போடணும்லா? அவன் மூலைக்கு நாலு பேரு ஒரு அண்டாவத் தூக்கியாந்தாவ. அண்டாவுல என்ன தெரியுமா? கிளிமூக்கு மாங்கா. நல்ல பச்ச. நாலாக் கீறி, கல்லுப்பும் மிளகாத்தூளும் அப்பி, வெயில்ல கொஞ்ச நேரம் வச்சி எடுத்தது. கடிச்சாம்னா நறுக்குன்னு ஒரு சத்தம். சாறு கடவாயில எறங்குது. பல்லு கூசி, ஒத்தக் கண்ணு தன்னால மூடிக்கிடுது."

இன்னாசியின் காதுக்குக் கீழே சுருக்கென்று இழுத்தது. நாக்குக்கு அடியில் ஏதோ ஊறியது. அவன் அவசரமாக டம்ளரை வாயில் வைத்துத் துப்பினான். எச்சில். நல்ல கொழுத்த எச்சில். இன்னொரு வாய் வந்தது, அதையும் துப்பினான்.

"சகல, நல்லாருக்கு வே. அந்த மாங்காய இன்னொருக்கச் சொல்லும்."

லசார் பேச்சை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். "என்னது?"

"நம்புதேன் வே. ஒவ்வொரு வார்த்தையும் நம்புதேன். மேல சொல்லும்."

ஏழு வருசத்தில் அவர் கேட்டிராத பேச்சு. லசார் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். "மாங்காதான் வே. புளிப்பா இருந்திச்சி." அத்தோடு சரி. சுவர்க் கடிகாரத்தில் ஏழு முப்பத்தைந்து. இன்னாசியின் வாய் மறுபடியும் காய்ந்தது.

"என்ன வே ஆச்சி உமக்கு?"

"வரமாட்டேங்கு சகல." லசாருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. அந்த வேர்வையே எண்பது கிராம் இருக்கும். "நீரு நம்பிட்டீருன்னா மேல போவ வழி இல்ல. எதிர்ல நின்னு ஒருத்தன் இல்லன்னு சொன்னாத்தான் என் கதை ஓடும்."

இன்னாசிக்குச் சட்டென்று விசயம் பிடிபட்டது. அவன் குரலை மாற்றினான். "அப்படியா. ஒம்மக்கிட்ட உள்ளதச் சொன்னா, நீரு ஒரு நாளும் ரிங்குல ஏறினதில்ல. பர்னபாசும் இல்ல, பீப்பாயும் இல்ல. நாலாக் கீறின மாங்காயில மிளகாத்தூளு ஒட்டவே ஒட்டாது. எல்லாம் புளுகு."

லசாரின் முகம் மலர்ந்துவிட்டது. "ஒட்டாதா? அதுக்குத்தான வே நல்லெண்ண தடவினாவ."

தளவாய் சாரும் கண்ணாடியைக் கழற்றினார். எடை பார்க்கிறவர் ஒருத்தர் பக்கம் சாயக்கூடாது. ஆனால் பொய்யை எதிர்த்துக் கேள்வி கேட்கக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. "ஒரு அண்டா மாங்கா தின்னா மனுசனுக்கு வயித்தால போவாதா வே?"

"போவும் சார். அதுக்குத்தான் ரெண்டாவது அண்டா. நாரத்தங்கா. சுருளாச் சீவி, உப்புல ஊறவச்சி, வெயில்ல போட்டு, மறுபடி உப்புத்தண்ணியில போட்டு, அப்படிப் பத்து நாளு. மேல வெள்ளையா உப்புப் பூத்திருக்கும். ஒரு துண்ட நாக்குல வச்சாப் போதும், தோலு கசக்கும், சதை புளிக்கும், கன்னம் ரெண்டும் உள்ள இழுத்துக்கிடும். பர்னபாசுக்கு இழுத்த இழுப்புல ரெண்டு கன்னமும் நடுவுல வந்து ஒட்டிக்கிட்டு. பிரிக்க ஆள் கூப்பிட்டாவ."

"கன்னம் எங்கயாவது ஒட்டுமா வே," என்றான் இன்னாசி துப்பிக்கொண்டே. பேசவே முடியவில்லை, வாய் முழுக்க எச்சில்.

ஏழு நாற்பத்தாறுக்கு மிஷினில் ஏறினான். ஐம்பத்தொன்று புள்ளி பூஜ்யம் மூணு. இன்னும் முப்பது கிராம்.

"முழுப் பொய்," என்றான் மாசிலாமணி. அவன் இட்லி கையிலேயே ஆறிப்போயிருந்தது. இன்னாசியின் எடை இறங்காமல் இருந்தால் அவனுக்குத்தான் லாபம். ஆனால் அவனாலும் சும்மா இருக்க முடியவில்லை. "எங்க வீட்டுல நாரத்தங்கா போடுவாவ. பத்து நாளுல ஊறாது. சரி, ரெண்டாவது ரவுண்டுல என்ன ஆச்சி?"

"அப்படிக் கேளு. தின்ன தெம்புல அவன் ரெண்டு கையாலயும் சேத்துக் குத்துனான். அந்தக் காத்துல நான் மேடைய விட்டுப் போனேன். உப்பளத்தத் தாண்டி, ரோட்டத் தாண்டி, நேரா கலங்கரை வெளக்கு உச்சியில போயி ஒக்காந்துட்டேன். இங்கன நடுவரு எண்ண ஆரம்பிச்சிட்டாரு."

"பத்து எண்ண பத்து செகண்டு," என்றார் தளவாய் சார். "அதுக்குள்ள நீரு எப்படி வே திரும்பினீரு?"

"அவருதான் கயித்துல தொங்கிக்கிட்டு இருக்காருல்லா சார். வெரல் விட்டு எண்ணக் கை ஏது? கால் வெரல்லதான் எண்ணணும். பூட்ஸக் கழத்தி, சாக்ஸக் கழத்தி எண்ணுதத்துக்குள்ள எனக்கு அங்கன நெறைய நேரம். வெளக்குக்காரன் பழைய சோறு சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். தொட்டுக்க அரநெல்லிக்கா. உப்புத்தண்ணியில கெடந்து சுருங்கி, மஞ்சளா, கண்ணாடி மாதிரி. காந்தாரி மிளகா கீறிப் போட்டது. நீரும் எடுத்துக்கிடும்னு ஒண்ணு குடுத்தான். வாயில போட்டேன். கொட்டையச் சுத்திப் பல்லால மெல்லச் சுரண்டுதேன் வே, சாறு பீச்சி அடிக்கி..."

"பொய்யி," என்றான் மாசிலாமணி, எச்சிலை விழுங்கி.

"பொய்யி," என்றார் தளவாய் சார், கைக்குட்டையால் வாயைத் துடைத்து.

இன்னாசி துப்புவதை நிறுத்தவில்லை. டம்ளரில் அவன் முகம் புதைந்திருந்தது.

"சரியா மத்தியானம். கடல்காத்து கரைக்குத் திரும்புத நேரம். அதுல ஏறிக்கிட்டேன். வார வேகம் இருக்கே, கொக்கெல்லாம் ஒதுங்கி வழி விட்டிச்சி. கைய முன்னால நீட்டிக்கிட்டு வாரேன். நடுவரு ஒம்பதாவது வெரல மடக்குதாரு. என் கை பர்னபாசு தாடையில போயி எறங்குது. நூத்தி நாப்பது கிலோவும் மல்லாக்க விழுந்திச்சி. விழுந்த பள்ளத்துல கடல் தண்ணி ஏறி ஒரு புது உப்பளமே ஆயிட்டு. நான் அசையாம நின்னேன். முப்பத்தொரு கிலோ. வாயில நெல்லிக்கா இருந்ததால பத்து கிராம் கூட."

ஏழு ஐம்பத்தெட்டு. இன்னாசி ஏறினான். எண்கள் ஆடின. ஐம்பத்தொன்று புள்ளி பூஜ்யம் ஒன்று. "நெல்லிக்கா," என்றான் மாசிலாமணி தன்னை மறந்து. இன்னாசி மிஷினில் நின்றபடியே கடைசி வாயைத் துப்பினான். ஐம்பத்தொன்று. மேலே ஒரு கிராம் இல்லை. தளவாய் சார் நோட்டில் எழுதினார். இன்னாசி அம்மணமாகவே இறங்கி ஓடிப்போய் லசாரைக் கட்டிப்பிடித்தான்.

பதினொரு மணிக்கு அவன் தன் எடைக்காரன் ஒருவனோடு மோதினான். எதிராளி அவனைவிட ஓரங்குலம்தான் உயரம். நியாயமான சண்டை. மூன்று ரவுண்டிலும் இன்னாசிதான் மேல் கை, மாநிலப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டான். பக்கத்தில் மாசிலாமணியோடு மோதினவனை நாற்பதாவது செகண்டில் நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்தபோது இன்னாசிக்கு இன்னொரு தரம் எச்சில் வறண்டது.

ரெஜினாவுக்குப் போன் போட்டான். அவள் சிரித்தாள், அழுதாள், மாதாவைக் கும்பிட்டாள். பிறகு கேட்டாள், "எடை கூடும்னு பயந்துக்கிட்டுப் போனீங்களே, எப்படி எறங்கிச்சி?"

"அத்தான் மாங்காயும் நாரத்தங்காயுமா கதை சொன்னாருட்டி. வாய் ஊறி ஊறித் துப்பியே எண்பது கிராம் எறக்கிட்டேன்."

ரெஜினா சிரிப்பை நிறுத்தினாள். "ஒரு நாளு அவருகூடப் போனதுக்கே இப்படியாயிட்டீங்களா? பொய் சொல்ல அளவு வேண்டாமா? போன அத்தான்ட்ட குடுங்க."

லசார் ஆசையோடு போனை வாங்கினார். ஆனால் நடந்ததை இன்னாசி ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தான். அவருக்கு மிச்சமிருந்தது அதற்கு எதிர்ப்பக்கம் மட்டும்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வாழ்க்கையிலேயே பெரிய புளுகை எடுத்துவிட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல ரெஜினா. உம் மாப்பிள மழைக்கோட்டப் போட்டுக் கயிறு தாண்டினாரு, எறங்கிட்டு. நான் வாயே தொறக்கல, ஒரு ஓரமா உக்காந்திருந்தேன்."

"அப்படிச் சொல்லுங்க அத்தான்," என்றாள் ரெஜினா. "நான் அதுதான் நெனச்சேன்."

லசார் போனை இன்னாசியிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் முகம் விழுந்துபோயிருந்தது.

"நம்பிட்டா வே," என்றார்.