ஆணி பிடுங்கும் உரிமை

"எங்க உரிமையில கை வைக்கிறாங்கம்மா! நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, செருப்பைக்கூடக் கழற்றாமல் குடிசை வாசலில் நின்று மதலைமுத்து கத்தினார். வயது அறுபத்திரண்டு. கோபம் வந்தால் இருபத்திரண்டு.

குடிசை சலேத்தம்மாளுடையது. கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்து, ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தனியே ஜெபம் செய்துகொண்டிருப்பவர். மதலைமுத்துவைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் பத்து வருஷமாக இவருக்கு அந்த அம்மாதான் குரு. மாதத்தின் முதல் வெள்ளி தவறாமல் வந்து, தரையில் உட்கார்ந்து கேட்பார். கேட்டதில் எவ்வளவு உள்ளே போனது என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

அம்மா குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"என்ன உரிமை அண்ணே?"

"ஆணி பிடுங்குற உரிமை."

அந்த ஊர் வழக்கம் அது. பெரிய வெள்ளியன்று மூன்று மணிக்கு, சிலுவையில் ஆணியடித்திருக்கும் இயேசுவின் சுரூபத்தை ஊர் பார்க்க இறக்குவார்கள். மூன்று ஆணியையும் குறட்டால் பிடுங்கி, பட்டுத்துணியில் வைத்துச் சனங்களுக்குக் காட்டுவது மதலைமுத்து குடும்பம். பிறகு சுரூபத்தை ஆசந்தி என்கிற பாடையில் கிடத்தி, தோளில் தூக்கி ஊரைச் சுற்றி வருவார்கள்.

ஊர் என்றால் நாலு தெரு. தெற்குத் தெரு அதில் சேராது. அங்கே இருப்பவர்களும் அதே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான். இதைச் சொல்லப் போனால் நாலு தெருக்காரர்களுக்கும் கோபம் வரும்.

"நேத்து என்ன நடந்துச்சு?"

"தெற்குத் தெரு யாகப்பன் வந்து, ஆசந்திக்கு நாங்களும் தோள் கொடுக்குறோம்னான். எவ்வளவு திமிரு!"

"கொடுத்தானா?"

"விடுவோமா? அடி விழுந்துச்சு. யாகப்பன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. பங்குச் சாமியார் கோயிலப் பூட்டிச் சாவிய எடுத்துக்கிட்டார். ரெண்டு பக்கமும் சேர்ந்து இறக்குறதா இருந்தா கதவத் திறப்பேன், இல்லாட்டி ஈஸ்டரும் கெடையாது ஒண்ணும் கெடையாதுங்கிறார்."

"அப்ப ஆண்டவர்?"

"இன்னும் சிலுவையிலதான் தொங்குறார்."

மதலைமுத்து தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"நான் விட்டுக்கொடுத்தா நாளைக்கு எவன் என்னை மதிப்பான்? அன்னைக்கு அவரை வேண்டாம்னு ஒதுக்குனாங்க. இன்னைக்கு எங்களை ஒதுக்கப் பாக்குறாங்க. அவர் பட்ட பாட்டத்தாம்மா நாங்களும் படுறோம்."

அம்மா திரும்பினார். பத்து வருஷத்தில் அந்த முகத்தை மதலைமுத்து அவ்வளவு கோபமாகப் பார்த்ததில்லை.

"யாகப்பனுக்கு எத்தனை தையல்?"

"ஏழு."

"எங்க?"

"நெத்தியில."

"யார் அடிச்சது?"

"நான் அடிக்கல. எம் மகன்தான். நான் சும்மாதான் நின்னேன்."

"தடுத்தீங்களா?"

"கூட்டம் அந்தக் கத்து கத்துது. நான் ஒருத்தன் என்னம்மா பண்ண முடியும்?"

"கையை நீட்டுங்க."

நீட்டினார். ஏதோ ஆசீர்வாதம் கிடைக்கப் போகிறது என்று நினைத்தார் பாவம். அம்மா ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அந்த இரண்டு கையிலும் மடமடவென்று ஊற்றினார்.

"நல்லாத் தேச்சுக் கழுவுங்க. கூட்டம் கத்துனப்ப அன்னைக்கும் ஒருத்தன் ஆண்டவரைச் சாவுக்குக் கொடுத்துட்டு இப்படித்தான் கழுவுனான்."

மதலைமுத்துவுக்குச் சுர்ரென்று ஏறியது. கையை உதறினார்.

"என்னையா பிலாத்துங்கிறீங்க? நாலு தலைமுறையா அவர் கையில இருந்து ஆணியப் பிடுங்குற குடும்பம்மா நாங்க! அந்த ஆணிய எடுக்கும்போது எனக்கே வலிக்கும். ஊரே அழும். தெரியுமா உங்களுக்கு?"

"அந்த ஆணி அங்க எப்படி வந்துச்சு?"

"என்னது?"

"வெள்ளிக்கிழமை பிடுங்குறீங்க, சரி. அதுக்கு முன்னாடி அது அங்க எப்படி வந்துச்சுன்னு கேக்குறேன். தானா முளைச்சுதா?"

மதலைமுத்து ஈரக் கையை வேட்டியில் துடைக்க ஆரம்பித்தார்.

"சொல்லுங்க!" அம்மா போட்ட சத்தத்தில் கூரைமேல் இருந்த காக்கை பறந்தது.

"புதன்கிழமை... கோயிலச் சாத்திட்டு... அடிப்போம்."

"யாரு?"

"நானும் எம் மகனும். வேற யாரும் பாக்கக் கூடாது."

"பட்டுத்துணி விரிப்பீங்களா? சனம் கூடி நின்னு அழுமா?"

"அதெல்லாம் கெடையாதும்மா. சுத்தியல எடுத்து அடிச்சிட்டு வீட்டுக்குப் போயிருவோம்."

"அந்த வேலையில பங்கு வேணும்னு யாகப்பன் என்னைக்காவது உங்ககிட்ட வந்து நின்னானா?"

தண்ணீர் கொட்டிச் சகதியாகிக் கிடந்த தரையிலேயே மதலைமுத்து உட்கார்ந்துவிட்டார். வேட்டி நனைவது தெரியவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா," என்றார். "யாரும் கேட்டதில்ல. அது நாலு தலைமுறையா எங்களுது மட்டும்தான்."