பெரீனின் கல்யாணத் துணி

என் மூத்தவளுக்குப் பிரசவமான வருஷம், ஒரு மத்தியானம் முழுக்க ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தோம். அப்போது எங்கள் சபை கிரேஸ் கமலம் டீச்சர் எனக்குச் சொன்ன கதை இது.

“ஐயா, அதைக் கிழித்துப் போடட்டுமா, விட்டுவிடட்டுமா?”

பரண் ஏணியில் பாதி ஏறி நின்றபடி இசபோ கேட்டாள்.

பரண்மேல், வைக்கோலுக்குப் பின்னால், போதகர் ஈசாக்கு ஒளிந்திருந்தார். இசபோவின் கடைசி மகன் வயசுதான் இருக்கும் அவருக்கு.

நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய பிரான்சு தேசம். வேதத்தைச் சொந்தப் பாஷையில் வாசிக்கிற கூட்டம் அங்கே வீட்டுக்கு வீடு ரகசியமாய்ப் பரவிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்துப் போதகர் பிடிபட்டால் உயிர் தப்பாது. விதவையான இசபோ அந்த வழிக்குப் புதிதாய் வந்தவள்.

அன்று நற்கருணைப் பவனி. குருவானவர் நற்கருணை அப்பத்தை ஏந்திக்கொண்டு தெருத்தெருவாய் வருவார். அந்த அப்பத்தை வணங்கக் கூடாது என்பது புது வழிக்காரர் கொள்கை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாசல் சுவரில் நல்ல துணி ஒன்று தொங்கவிட வேண்டும். வெறும் சுவராய் இருந்தால் அது பதிதர் வீடு, திருச்சபையை விட்டு விலகினவர் வீடு. போன வருஷம் அப்படி ஒரு வீட்டைக் கதவோடு கொளுத்தினார்கள்.

“அப்பத்துக்காக நான் துணி கட்ட மாட்டேன்னு கர்த்தரிடம் சொல்லியிருந்தேன். காலையில கதவைத் திறந்தா, என் சுவரில் துணி தொங்குது ஐயா!”

“யார் கட்டினது?”

“பக்கத்து வீட்டுப் பெரீன்தான். ஓரத்துச் சிவப்புத் தையலைப் பார்த்தாலே தெரியும். எந்நேரமும் ஜெபமாலையும் கையுமாய் இருக்கிறவள். என்னை முகத்துக்கு நேரே பதிதைன்னு கூப்பிடுவாள்.”

“அப்படியா!” போதகர் வைக்கோலை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“விட்டுவைத்தால் கர்த்தரை மறுதலிச்ச மாதிரி. எடுத்தால் வீடும் போகும், நீங்களும் போவீங்க. சீக்கிரம் சொல்லுங்க.”

“சொல்றேன் அம்மா. அதுக்கு முன்னே எனக்கு ஒண்ணு தெரியணும். அவங்க தங்க வீட்டுச் சுவரில் என்ன கட்டியிருக்காங்க?”

இசபோ அதைப் பார்க்கவேயில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தாள்.

பெரீன் வீட்டுச் சுவர் வெறிச்சென்று இருந்தது.

பெரீன் வாசலில் நின்று ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். “என்ன பதிதை, முறைக்கிறே?”

“உன் வீட்டுக்கு எங்கேடி துணி?”

“இருந்தது ஒண்ணே ஒண்ணு. என் கல்யாணத் துணி. அழுக்காக்காமல் திருப்பிக் கொடு.”

“உன்னைக் கேட்க மாட்டாங்களா?”

“என்னை ஊருக்கே தெரியும். கேட்டால் ‘சேசு மரி சூசை’ன்னு ஒரு சத்தம் போடுவேன்.” சொல்லிவிட்டுத் தெருக்கோடியை எட்டிப் பார்த்தாள். “உன் பாடுதான் கஷ்டம். பரண்மேல பூனை வளர்க்கிறே. போன வாரம் அது சங்கீதம் பாடுச்சு.”

தெருக்கோடியில் மணி கேட்டது. கூட்டத்தின் இரைச்சலும் கேட்டது.

இசபோ உள்ளே ஓடினாள். பெட்டியைத் திறந்து தன் விரிப்பை உருவினாள். முக்காலியைத் தூக்கி வந்து பெரீன் வீட்டுச் சுவரோரம் போட்டு ஏறினாள்.

“அடியே, வலப்பக்கம் தொங்குது,” என்றாள் பெரீன். “தூக்கிக் கட்டு.”

தூக்கிக் கட்டினாள்.

பவனி வந்தது. தடி வைத்திருந்தவர்கள் இரண்டு சுவரையும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு நடந்தார்கள்.

தெரு அடங்கியதும் இசபோ பெரீனின் துணியை அவிழ்த்து அள்ளிக்கொண்டு வந்து, கதவைச் சாத்தி, ஏணியடியில் நின்றாள்.

“ஐயா, கட்ட மாட்டேன்னு சொன்ன கையாலேயே பெரீன் சுவரில் கட்டிட்டேன். கர்த்தர் என்ன நினைப்பாரோ! நீங்களாவது சொல்லுங்க.”

மேலே வைக்கோல் சரசரத்தது. பிறகு போதகர், தலையெல்லாம் வைக்கோல் ஒட்டியிருக்க, இறங்கி வந்தார்.

“இதை மடிச்சுத் திருப்பிக் கொடுக்கணும் இல்லையா?” என்றார். “அந்த முனையை நீங்க பிடிங்க அம்மா.”

இதைக் கேட்ட நீங்கள், இன்றைக்கு ஜெபம் பண்ணும்போது பக்கத்து வீட்டுக்காரங்க பேரையும் ஒரு தரம் சொல்லுங்கள்.