கோணல் ஏழு

"அம்மா, என்னை இந்த வகுப்பிலிருந்து விட்டுடுங்க."

முகில்வண்ணன் கடிதத்தை மேசைமேல் வைத்தான். பக்கத்தில் விடைத்தாள் கட்டையும் வைத்தான்.

மரகதத்தம்மை ஜபமாலையைக் கீழே வைத்தார். அந்த மலையடிவாரக் கல்லூரியை நடத்துகிறவர் அவர். அவரிடம் படித்தவன்தான் இவன். இப்போது அங்கேயே கணக்கு வாத்தியார்.

அங்கே ஒரு விதி உண்டு. யார் எதைப் படிக்க வந்தாலும் சரி, பொதுப் பாட்டு, பொதுக் கணக்கு இரண்டிலும் தேறினால்தான் பட்டம்.

"சாப்பிட்டியாப்பா?"

"பசிக்கலைம்மா. பன்னிரண்டு வருஷமா கத்திக் கத்தித் தொண்டைத்தண்ணி வத்திப் போச்சு. நாட்டியம் படிக்க வந்த பிள்ளை கேட்குது, 'சார், எக்ஸைக் கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போறோம்?'"

"நீ என்ன சொன்னே?"

"பரீட்சையில் வரும்னு சொன்னேன்."

அம்மை சிரித்தார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கணக்குக்குன்னே வர்றவங்களுக்கு மட்டும் சொல்லித் தர்றேம்மா. மத்தவங்களை விட்டுடலாம். அவங்களுக்கும் நிம்மதி."

கட்டுக்குள்ளிருந்து ஒரு விடைத்தாளை உருவினான்.

விடைத்தாளில் பெயர் இருக்காது. எண் மட்டும்தான். யாருடையது என்று திருத்துகிறவருக்குத் தெரியக் கூடாது.

"இதைப் பாருங்க. வகுப்புக்கே வராத தனித்தேர்வர். நாலாவது வருஷமா எழுதறார்."

"அதே ஆள்னு எப்படித் தெரியும்?"

"இந்த ஏழுதான். அரிவாளைக் கோணலா நட்டுவச்ச மாதிரி, இடுப்பில் ஒரு கோடு வேறே. நாலு வருஷமா அதே ஏழு, அதே தப்பு."

"எத்தனை மார்க்?"

"பதினொண்ணு. போன வருஷம் ஒன்பது."

"கூடியிருக்கே."

"அம்மா!"

"கீழே சிவப்பில் என்னமோ எழுதியிருக்கியே."

"'உங்களுக்கு எதற்கு இந்த வேலை?'ன்னு எழுதினேன். கோபத்தில் இல்லைம்மா. அலுப்பில்."

அம்மை அந்த வரியைப் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"அலுப்பாத்தான் இருக்கும்ப்பா. எனக்குத் தெரியாதா."

கடிதத்தை எடுத்தார்.

"உன்னைக் கட்டி வைக்க மாட்டேன். நாளையிலிருந்து நீ போக வேண்டாம். வேறே ஆள் கிடைக்கிற வரை அந்த வகுப்பு மூடியே இருக்கட்டும்."

கையெழுத்துப் போட்டார். வழக்கமாக அலுவலகத்தில்தான் தேதி முத்திரை குத்துவார்கள். அன்று அவரே எழுதினார். பதினேழு.

எழுதிவிட்டு, அவன் பக்கம் தள்ளினார்.

முகில்வண்ணன் கையெழுத்தைப் பார்த்தான். தேதியைப் பார்த்தான்.

ஏழு கோணலாக நின்றது. இடுப்பில் ஒரு கோடு.

பாட்டு வகுப்பில் யாரோ சுருதி தப்பிப் பாடுவது கேட்டது. நிறுத்தினார்கள். மறுபடி முதலிலிருந்து பாடினார்கள்.

"நாலு வருஷமாவா அம்மா?"

"விதி வச்சவளுக்கும் விதிதானேப்பா. பாட்டு எப்பவோ முடிஞ்சுது. இது ஒண்ணுதான் பாக்கி."

அவன் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டான். நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான். விடைத்தாளைப் பிரித்தான்.

"நாலாவது கணக்கு. இந்த வரி வரைக்கும் சரியாத்தான் வந்திருக்கீங்க. இங்கே ஏன் நின்னுட்டீங்க?"

அம்மை குனிந்து பார்த்தார்.

"அங்கேதான்ப்பா நாலு வருஷமா நிக்கிறேன்."