ராஜாவின் ஈறும் விலங்கிட்ட கொய்யாவும்

காயாமலைக் கோட்டை ராஜா வீரகேசரிக்கு ஈறு புண்ணானது. அதற்காக வேப்பங்குச்சி ஒடிக்கும் பேச்சியின் தலை போகவேண்டும் என்று தீர்ப்பானது. ராஜாங்கம் என்றால் அப்படித்தான். நோய் மேலே வரும். கத்தி கீழே இறங்கும்.

நடந்தது இதுதான். ராஜா ஓயாமல் வெற்றிலை போடுகிறவர். தூங்கும்போதும் கன்னத்தில் புகையிலையோடு ஓர் உருண்டை ஒதுங்கியிருக்கும். மடித்துக் கொடுப்பவன் ரங்கப்பன். வெற்றிலைப் பெட்டி சுமப்பதுதான் அவன் உத்தியோகம். ஆனால் பொழுதுக்கும் ராஜாவின் காதருகே குனிகிறவன் அல்லவா? மந்திரிகளே அவனைக் கண்டால் எழுந்து நிற்பார்கள்.

பட்டத்து யானைக்குச் சீக்கு வந்தது. அது பிழைக்க, ஒரு நாள் வெற்றிலையும் சோறும் தொடுவதில்லை என்று ராஜா குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார். முந்தின மாலையே வாயைக் கொப்பளித்துவிட்டுப் படுத்தார். காலையில் பேச்சி கொண்டுவந்த குச்சியால் பல் தேய்த்துத் துப்பினார்.

எச்சில் படிக்கத்தில் ரத்தம்!

“துரோகம்!” என்று ராஜா அலறினார்.

ரங்கப்பன் ஓடிவந்தான். “மகாராஜா, எத்தனை வருஷமாகக் குச்சியில் தேய்க்கிறீர்கள்! ஒரு நாளாவது ரத்தம் வந்ததா? இன்றைக்கு எதையோ தடவிக் கொடுத்திருக்கிறாள்!”

பேச்சியைக் கைகளைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

“இதே மரத்துக் குச்சியிலதான் சாமி நானும் தேய்க்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே!”

“பார்த்தீர்களா? அவளுக்கு ஆகவில்லையாம். உங்களுக்கு மட்டும் ஆகியிருக்கிறது” என்றான் ரங்கப்பன்.

சபை முழுக்கத் தலையாட்டியது. சபைக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

“இனி நான் பல்லே தேய்க்கப் போவதில்லை!” ராஜா எழுந்து நின்றார். “என் வாயில் ரத்தம் வரவழைத்தது எதுவானாலும், யாரானாலும், இன்று மாலை வெட்டு!”

அவையில் விகடம் பேசிப் பிழைக்கும் இடும்பன் தூண் ஓரமாக நின்றான். ராஜா கொஞ்ச காலமாகவே ஒரு பக்கமாக மெல்வதைப் பார்த்து வைத்திருந்தவன் அவன்.

“எதுவானாலுமா மகாராஜா?”

“எதுவானாலும்!”

“யாரானாலுமா?”

“உனக்குக் காது கேட்காதா?”

“கேட்டுவிட்டது. விரதத்தில் வாடிப்போயிருக்கிறீர்கள். பழம் சாப்பிடலாம் அல்லவா?” என்று ஒரு கொய்யாவை நீட்டினான்.

ராஜா கோபத்தோடு ஒரு கடி கடித்தார். வெள்ளைச் சதையில் சிவப்பாகத் தடம் விழுந்தது.

“பிடியுங்கள் அந்தக் கொய்யாவை!” இடும்பன் துள்ளிக் குதித்தான். “மகாராஜாவின் வாயில் ரத்தம் வரவழைத்துவிட்டது! விலங்கு போடுங்கள்!”

காவலர்கள் திகைத்தார்கள். ஆனால் ராஜ கட்டளை! பழத்தைச் சங்கிலியில் சுற்றிப் பேச்சியின் பக்கத்தில் வைத்தார்கள்.

“ஏ சாமி, எனக்குக் கூட்டாளியா இது?” என்றாள் பேச்சி.

இடும்பன் அடுத்து நீட்டிய தேங்காய்ச் சில்லை ராஜா கடித்தார். அதிலும் ரத்தம். தேங்காய்க்கும் விலங்கு.

“என்னடா இது?” ராஜா விரலை விட்டு ஈறைத் தடவிப் பார்த்தார். விரல் சிவந்து வந்தது.

இடும்பன் வெட்டுக்காரனைப் பார்த்தான். வெட்டுக்காரன் விரலைப் பார்த்தான். ராஜா சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

“இடும்பா, என் விரலுமா துரோகி?”

“இல்லை மகாராஜா. விரல், தேங்காய், கொய்யா, குச்சி எல்லாமே சாட்சிகள். ரத்தம் பல நாளாக வந்துகொண்டுதான் இருக்கிறது. வெற்றிலைச் சிவப்பில் மறைந்து போயிற்று. இன்று வெற்றிலை இல்லை, தெரிந்துவிட்டது. இருக்கிற புண்ணைக் காட்டியவளுக்கா வெட்டு?”

அரண்மனை வைத்தியர் மெல்ல முன்னால் வந்தார். ராஜாவின் வாயைத் திறந்து பார்த்தார்.

“பல்லும் ஈறும் சேரும் இடத்தில் அழுக்குப் படிந்து காரையாக இறுகிவிட்டது மகாராஜா. அதைச் சுரண்டி எடுக்கவேண்டும். ரத்தம் வருகிறதே என்று பல் தேய்ப்பதை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் அழுக்குச் சேர்ந்து ஈறு இன்னும் கெடும். காலையிலும் படுக்கும்முன்னும் ஈறோரமாக மெதுவாகத் தேய்த்து, உப்புநீரில் கொப்பளித்து வந்தால் ரத்தம் நிற்கும். வெற்றிலை, புகையிலை இரண்டையும் விடவேண்டும். புண்ணை இப்படியே விட்டுவைத்தால் பல் ஆடி விழும்.”

“இதை ஏன் முன்பே சொல்லவில்லை?”

வைத்தியர் தரையைப் பார்த்தார். மந்திரிகள் கூரையைப் பார்த்தார்கள்.

“வாய் நாறுதுன்னு ராசாகிட்ட யாரு சொல்லுவா சாமி?” என்றாள் பேச்சி. “தோட்டத்து வாசல் வரைக்கும் வருது!”

கட்டுண்டு கிடந்த ஒருத்திக்குத்தான் அதைச் சொல்லும் தைரியம் இருந்தது.

ராஜாவின் முகம் சுருங்கியது. நாக்கால் ஒரு பல்லை அசைத்துப் பார்த்தார். ஆடியது.

“வைத்தியரே, இப்போதே சுரண்டும்!”

வைத்தியர் நான்கடி பின்வாங்கினார். “சுரண்டினால் ரத்தம் வரும் மகாராஜா.”

“அதனால் என்ன?”

“யாரானாலும் வெட்டு என்றீர்களே” என்று இடும்பன் எடுத்துக் கொடுத்தான். “பேச்சிக்கு அந்தச் சட்டம் இருந்தால் வைத்தியருக்கும் உண்டு. சட்டம் வேண்டுமா, பல் வேண்டுமா?”

ராஜா யோசித்தார். ரொம்ப நேரம் இல்லை.

“சட்டம் ரத்து! அவள் கட்டை அவிழுங்கள்!”

கட்டு அவிழ்ந்தது. பேச்சி கைகளை உதறிக்கொண்டாள். விலங்கிலிருந்த கொய்யாவையும் எடுத்து, ராஜா கடிக்காத பக்கமாகப் பார்த்துக் கடித்தாள்.

ராஜா ரங்கப்பன் பக்கம் திரும்பினார். “தினமும் படிக்கத்தைப் பார்த்தவன் நீ. என் முகத்தருகே குனிந்தவன் நீ. உனக்கு எல்லாம் தெரியும். வெற்றிலை நின்றால் உன் செல்வாக்கு நின்றுவிடும் என்று மறைத்தாய். இடும்பா, இவனுக்கு என்ன தண்டனை?”

“வெட்டெல்லாம் வேண்டாம் மகாராஜா. உங்கள் ஈறு ஆறுகிற வரைக்கும், நீங்கள் வாய்விட்டுச் சிரிக்கும்போதெல்லாம் இவன் உங்கள் முகத்துக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் நிற்கட்டும். மூக்கைப் பொத்தக் கூடாது.”

காவலர்கள் ரங்கப்பனைக் கொண்டுவந்து ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினார்கள். ராஜா அவன் முகத்தைப் பார்த்தார். அடக்க முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயை அகலத் திறந்து, சபையே அதிரச் சிரித்தார்.

தண்டனை அப்போதே தொடங்கிவிட்டது.