வழிகாட்டி ஆயா

"நான் எதுக்குச் சாமி அவளுக்குச் சொல்லிக்குடுக்கணும்?"

கேட்டவள் தெய்வக்கனி. பள்ளிக்கூட பஸ்ஸில் ஆயா. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

அவள் சாமி என்று அழைத்தது, ஊருக்கு வெளியே ஒரு சின்ன மடத்தில் இருந்த பெண் துறவியை. துறவிக்கு அவளுடைய மகள் வயதுதான் இருக்கும். இருந்தாலும் மனசு கொதித்தால் தெய்வக்கனி வந்து நிற்கிற இடம் அதுதான்.

அன்று நன்றாகவே கொதித்திருந்தது.

பள்ளிக்கூடத்துக்குத் திடீரென்று ஞானோதயம் வந்திருந்தது. ஆயா, வாட்ச்மேன், டிரைவர் என்று யார் புதிதாகச் சேர்ந்தாலும் பழைய ஆள் ஒருவர் வழிகாட்டியாம். ஒரு வாரம் கூடவே வைத்துக்கொண்டு வேலை பழக்க வேண்டுமாம்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்றால் ஏசி ஹாலும் மதியம் பிரியாணியும். தெய்வக்கனிக்குச் சேலையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். கை தட்டினார்கள். முடிந்தது.

அவள் தலையில் கட்டப்பட்ட புது ஆயா ஜெபசெல்வி. தெய்வக்கனி பேட்ஜைக் குத்திக்கொண்டு வாரம் முழுக்க முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசவில்லை; பள்ளிக்கூடம் வந்ததும் பிள்ளைகளோடு அவளையும் முதலில் இறக்கிவிட்டுவிடுவாள்.

நாளை முதல் ஜெபசெல்வி வேறொரு பஸ்ஸில் தனியாகப் போகிறாள்.

"எனக்கு யாரு சாமி சொல்லிக்குடுத்தா? ஒருத்தரும் இல்ல. தப்பு பண்ணேன், திட்டு வாங்குனேன், கத்துக்கிட்டேன். அவளும் வாங்கட்டும்."

பொறுமையாக இரு என்று துறவி சொல்வார், சொன்னால் பதிலுக்கு நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள்.

துறவி அப்படிச் சொல்லவில்லை.

"ஆளை வேலைக்கு வச்சுட்டு, வேலையைச் சொல்லித் தராம, தப்பு நடந்தா மட்டும் கூப்பிட்டுத் திட்டுறது. வெட்கங்கெட்டவங்க அக்கா" என்றார். அவர் முகமும் சிவந்திருந்தது.

இத்தனை வருஷத்தில் அதை யாரும் தெய்வக்கனியிடம் சொன்னதில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்படி என்ன திட்டு வாங்கினீர்கள் என்று துறவி கேட்டார்.

அவள் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த புதிது. காலையில் பஸ் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தது. பிள்ளைகள் திமுதிமுவென்று இறங்கினார்கள். இவளும் இறங்கினாள். டிரைவர் பஸ்ஸைப் பூட்டி வெயிலில் நிறுத்திவிட்டுப் போனார். கடைசி சீட் வரை நடந்து, குனிந்து பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு எல்கேஜி பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

மதியம்தான் கண்ணாடி தட்டுகிற சத்தம் யாருக்கோ கேட்டது. நல்ல வேளை, உயிருக்கு ஒன்றுமில்லை. தாளாளர் எல்லாரையும் கூட்டி வைத்து, கண்ணு பொடனியிலயா இருக்கு என்று ஆரம்பித்தவர், அவளுடைய பெற்றோர் வரைக்கும் போய்த்தான் நிறுத்தினார்.

"அந்தப் பேச்சு இன்னும் காதுல இருக்கு சாமி. அதுக்கப்புறம் கடைசி சீட்டைப் பாக்காம ஒரு நாள்கூட நான் இறங்குனதில்ல. அப்படித்தான் நான் கத்துக்கிட்டேன்."

துறவி கேட்டார்.

"நீங்க கத்துக்கிட்டீங்க. அந்தப் பையன் என்னக்கா கத்துக்கிட்டான்?"

தெய்வக்கனி எழுந்தாள்.

வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

ஜெபசெல்வி வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவள் இதுவரை கேட்டதே இல்லை. வழியெல்லாம் விசாரித்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாகப் போனாள்.